மூதேவிக்கு நாலு எலுமிச்சம்பழம்

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று பெய்த மழையில் யார்டு முழுக்கச் சேறு. காலையில் வந்ததும் முதல் வேலையாக ஈரோட்டிலிருந்து வந்த வெள்ளைக் காரைத் தட்டிப் பார்த்தேன். விரல் முட்டியால் கதவில் தட்டினால் தகரம் ‘டங்’ என்று சொல்ல வேண்டும். ‘தொப்’ என்று சொன்னால் அடிபட்ட ஒடுக்கில் மாவு பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது தொப். உள்ளே விரிப்பைத் தூக்கி மோந்தால் குளத்து வாசனை, வெள்ளத்தில் நின்ற வண்டி. மீட்டரில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. மீட்டர் பொய் சொல்லும், பெடல் ரப்பர் பொய் சொல்லாது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ‘சாந்தாமணி கார்ஸ்’ பழைய கார் யார்டில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது, மனிதர்களையும் முதலில் தட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது.

அந்த ஆள் இன்றைக்கும் வந்தார். இது மூன்றாவது வெள்ளிக்கிழமை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. யார்டில் நாற்பது கார் நிற்கிறது, ஒன்றைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கேட் பக்கத்தில் நிற்கும் மூதேவியிடம் போய் நின்றுகொண்டார்.

மூதேவி என்பது ஒரு கார். கம்பெனிக்காரன் வைத்த பெயர் மயூரா. வடக்கே எங்கோ மூன்று வருஷம் செய்துவிட்டுக் கம்பெனியையே மூடிவிட்டானாம், அவனுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. நேற்று மீந்த மோர்க்குழம்பு நிறம். ஹெட்லைட் இரண்டும் மூக்கோடு ஒட்டிக்கொண்டு பிதுங்கி நிற்கும். முன்கம்பிகளில் நடுவே இருக்கிற இரண்டு மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எங்கள் வெள்ளிங்கிரி மாமா, அதாவது அக்கா சாந்தாமணியின் வீட்டுக்காரர், யார்டின் முதலாளி, அதைத் திருஷ்டிக்காக வாசலில் வைத்திருக்கிறார். புது வீட்டுக்குப் பூசணிக்காய் பூதம் கட்டுவதில்லையா, அந்த மாதிரி. வருகிறவர்கள் கண் முதலில் அதன்மேல் பட்டுக் கழிந்துவிடும். அதைப் பார்த்த கண்ணுக்கு மற்றதெல்லாம் ரதியாகத் தெரியும். அதைக் கழுவுவது கிடையாது.

“ஏனுங்க, எந்த வண்டி பாக்கறீங்க?” என்று போய்க் கேட்டேன்.

“இதத்தானுங்க.”

“இது விக்கறதுக்கில்லீங்க.”

“தெரியுமுங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்.”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேதான் பேசினேன். யார்டில் அவ்வளவு தூசி.

இடத் தரகராக இருக்கலாம். எதிர் யார்டுக்காரன் அனுப்பிய ஆளாக இருக்கலாம். செய்வினைக்காரராகக்கூட இருக்கலாம், துணிப்பையில் என்ன இருக்கிறதோ. வாங்கப்போகாத பொருளை மூன்று வாரம் வந்து பார்க்கிறவன் யோக்கியனாக இருக்க வழியில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மூதேவியின் கதவுப் பிடியில் கறுப்பு நூல் ஒன்று கட்டிவைத்தேன். திறந்தால் அறுந்துவிடும்.

செப்டம்பர் 1, திங்கள்

மாமா கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் நானும் மெக்கானிக் மாகாளி அண்ணனும். ஆயுத பூஜைக்குள் முகப்பு முழுக்கக் கண்ணாடி போடப்போகிறாராம்.

“வர்றவியெல்லாம் இப்ப போன்ல படம் புடிச்சுப் போடறாங்க கலா. வாசல் லட்சணமா இருக்கோணும். அந்த மூதேவிய இருபத்தொம்பதாந் தேதி காயலான் கடை லாரி வந்து தூக்கீட்டுப் போயிரும்.”

“திருஷ்டிக்குங்க மாமா?”

“கண்ணாடில பெருசா ஒரு கண்ணு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.” அப்புறம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “முன் மேசைக்கு ஒரு சின்னப் புள்ளயப் போடலாம்னு உங்கக்கா சொல்றா. நீ பின்னாடி ஸ்டோர் ரூம்ல உக்காந்து ஃபைலப் பாத்துக்க. உனக்கும் அலைச்சல் இல்ல.”

நல்லதுதான். முன் மேசையில் மத்தியானம் வெயில் அடிக்கும். ஸ்டோர் ரூமில் ஜன்னலே கிடையாது, வெயிலுக்கு வழியில்லை.

மூதேவியை உடைக்க ஒரு படிவம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொன்னார். என் கையெழுத்து எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாமா நீட்டுகிற தாளில் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லி இந்த டைரிக்குள் மடித்துவைத்து அதே பேனாவால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பதினோரு மணிக்கு வந்தார். நான் ஒளிந்து நின்று பார்ப்பதற்குள் அவரே என் மேசைக்கு வந்துவிட்டார்.

“ஏனுங்க, கதவுல ஒரு கறுப்பு நூல் கட்டிருந்துதுங்க. நாந்தான் தெரியாம அறுத்துட்டேன். கோயில் கயிறா இருந்தா வேற வாங்கித் தந்தர்றனுங்க.”

திருடன் ஒப்புக்கொள்ள மாட்டான். பெரிய திருடன் ஒப்புக்கொள்வான். கூடவே நடந்து போனேன்.

“இதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?” என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே பதில் சொன்னார். “புது வண்டியெல்லாம் பாருங்க, மொறைக்குது. முகத்தையே அப்படித்தானுங்க செய்யறாங்க. வழி உடாட்டி அடிச்சுப்போடுவேங்கற மாதிரி. இது அப்படியில்லீங்க. யாரோ பேரச் சொல்லிக் கூப்புட்டாப்புல, ‘என்னையா?’ன்னு திரும்பிப் பாக்குது.”

யார்டைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது காரும் புருவத்தை நெறித்துக்கொண்டு என்னை முறைத்தன. இருபத்திரண்டு வருஷமாக இவற்றின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை எடுத்துக்கொண்டேன், தூசி.

அவர் போன பிறகு பார்த்தால் மூதேவியின் வைப்பரில் புது ரப்பர். எடுத்துக்கொண்டு போகிறவனைப் பிடிக்கலாம். வைத்துவிட்டுப் போகிறவனை என்ன சொல்லிப் பிடிப்பது? தூண்டில் போடுகிறவனும் முதலில் புழுவைத்தான் கொடுக்கிறான்.

செப்டம்பர் 6, சனி

உள்ளே எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று மூதேவியை முழுக்கச் சோதித்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு பழைய பஸ் டிக்கெட், செத்த பல்லி, அவ்வளவுதான். கையோடு கையாகக் கதவைத் தட்டினேன். டங். பின்கதவு, டங். பானெட், கூரை, மட்கார்டு, எல்லாம் டங். எங்கேயும் மாவு இல்லை, மறு பெயின்ட் இல்லை. மீட்டரில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். பெடல் ரப்பரும் அதையேதான் சொல்கிறது.

யார்டில் இருக்கிற நாற்பத்தோரு வண்டியில் பொய் சொல்லாதது இது ஒன்றுதான். மற்ற நாற்பதுக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நாங்கள். ஈரோட்டு வெள்ளைக் காருக்கு மல்லிகை சென்ட் அடித்தது நான்தான். அது நேற்றே விற்றுப்போயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

கையெழுத்து போட்டாச்சா என்று மாமா கேட்டார். பேனா என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றைக்கு எப்படியும் பிடித்துவிடுவது என்று காலையிலேயே மூதேவியின் பானெட் பிடியில் விபூதியைத் தடவிவைத்தேன். தொட்டால் கையில் ஒட்டும். நான் டீ வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், நெற்றியில் மூன்று விரல் பட்டை.

“துண்ணூறு வெச்சிருந்தீங்களே, எடுத்துக்கிட்டனுங்க” என்றார் பக்தியாக.

இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது! இன்னொரு பக்கம் பார்த்தால் மாகாளி அண்ணன் புது பேட்டரியை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

“மாகாளியண்ணா, நீங்களும் கூட்டா?”

“ஏனம்மிணி, ஓடற வண்டிய உக்கார வெச்சா பாவமில்லியா? பேட்டரி, ரப்பரு எல்லாம் அவரே கொண்டாறாரு. எனக்கென்ன நட்டம்? ஒருக்கா ஓடிப் பாத்துட்டுப் போகட்டும், வண்டியச் சொல்றேன்.”

சாவியைத் திருப்பினார். மூதேவி இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பிவிட்டது! ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்தேன்.

“உங்க பேரு என்னங்க? என்ன வேலை பாக்கறீங்க?”

“வரதராஜுலுங்க. பல்லு கட்டறேன். செட்டுப் பல்லு. டவுன்ல, ஒப்பணக்கார வீதிக்குப் பின்னாடி சந்துல கடை.”

முந்தானையை வாய்க்கு இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டேன்.

இது என் டைரிதானே, எழுதிவிடுகிறேன். எனக்கு எத்துப்பல். மேல் வரிசையில் நடுவில் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஐந்து வாரமாக மூன்றடி தூரத்தில் நின்று என்னோடு பேசியிருக்கிறார். செருப்புத் தைக்கிறவர் காலைப் பார்ப்பார், பல் கட்டுகிறவர் எதைப் பார்ப்பார்? வண்டி ஒரு சாக்கு. ‘பிடுங்கிட்டுப் புதுசு வெச்சுக்கலாமுங்க’ என்று இன்றைக்கோ நாளைக்கோ சொல்லத்தான் இந்த ரப்பரும் பேட்டரியும்.

செப்டம்பர் 13, சனி

வங்கி வேலை என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். கடை இருக்கிறது, அந்த மட்டில் பொய் இல்லை. எதிரே வளையல் கடை. சந்து நாலு முழம்தான், அங்கே பேசினால் இங்கே கேட்கும். வளையல் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

ஒரு பெரியவர் புதுப் பல் செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். “ஏனுங்க, என்ற பழைய பல்லு இந்தப் பக்கம் கோணலா இருந்துது. அதையே வெச்சுட்டீங்களே?”

“நேராவே வெச்சிருந்தனுங்க. அப்புறம் உங்க பழைய போட்டாவ எடுத்துப் பாத்துட்டு மாத்துனேன். ஊட்டுல பேத்திக்கு அடையாளம் தெரியோணுமில்லீங்க?”

பெரியவர் இன்னொரு தரம் கண்ணாடியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கோணல் பல்லைக் காட்டிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

இதுவும் ஒரு வியாபாரத் தந்திரமாக இருக்கலாம். இரண்டு டஜன் வளையல் வாங்கிவிட்டேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஸ்டோர் ரூமில் அலமாரிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். வரதராஜுலு மாமாவிடம் மூதேவியை விலைக்குக் கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது.

“அதயா கேக்கறீங்க?” மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “காயலான் கடைக்குச் சொல்லியாச்சுங்க. அப்படி வேணும்னா எங்க கொழுந்தியாளையும் சேத்து ஏத்தீட்டுப் போங்க. ரெண்டையும் திருஷ்டிக்குத்தான் வெச்சிருக்கறோம்.”

ஒரு சிரிப்பு. அதற்குள் பெயின்ட் ஷெட்டில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்து மற்றதெல்லாம் அமுங்கிப்போயிற்று. ஒருவர் சிரித்தாரா, இரண்டு பேர் சிரித்தார்களா என்று தெரியவில்லை.

மாமா புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அக்கா கல்யாணத்தில் எங்கம்மா சொன்னது: “நீ அக்கா பக்கத்துலயே நில்லு கண்ணு, அப்பத்தான் அவளுக்குக் கண்ணு படாது.” எனக்கு இருபத்தோரு வயது. பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து மூன்று நாளும் நகராமல் நின்றேன். ஆல்பத்தைப் பார்த்த பிறகுதான் என்ன பொறுப்பு என்று புரிந்தது. அப்புறம் என்னைப் பார்க்க வந்தவர்களும் இரண்டு பேர் உண்டு. காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் பழைய கதை, ஆறிப்போனது. இன்றைக்கு ஏன் இப்படி வலிக்கிறது என்று தெரியவில்லை. வலிக்கிறது.

இனிமேல் அந்த ஆளை உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு, அமாவாசை

வழக்கம்போல யார்டைச் சுற்றிவந்து மூதேவியின் முன்னால் பூசணிக்காய் உடைத்தேன். குங்குமத் தண்ணீர் அதன் முகத்தில் தெறித்தது. இத்தனை வருஷமும் அப்படியேதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இன்று துணியை நனைத்துத் துடைத்தேன். யாராவது கேட்டால் துருப்பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்று மாமா குரலை உயர்த்தினார். சரி, தொலையட்டும் என்று படிவத்தை எடுத்தேன். வண்டி எண் எழுத வேண்டியிருந்தது. பீரோவிலிருந்து மூதேவியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்.

கலாமணி. அப்பா பெயரும் சரி, வீட்டு விலாசமும் சரி.

நன்றாக ஞாபகம் வருகிறது. மாமா அந்த வண்டியை மாற்றுக்கு வாங்கிய வாரம் அவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஜோசியர், இது ராசியில்லாத வண்டி, குடும்பத்தில் யார் பேரிலும் இருக்கக்கூடாது என்றார். அக்கா பேரில் வேண்டாம், பையன் பேரில் வேண்டாம் என்று யோசித்து மாமா ஒரு தாளை என்னிடம் நீட்டினார். நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ராசியில்லாத வண்டியை ராசியில்லாதவள் பேரில் எழுதிவிட்டார்கள். என்னிடம் சொல்லவும் இல்லை, நான் படிக்க மாட்டேன் என்ற தைரியம். பதிவுகூட இன்னும் செல்லும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சினிமாக் கம்பெனி, படத்தில் உடைக்க வண்டி வேண்டும் என்று கேட்டதால் மாமா என்னிடம் இன்னொரு தாளை நீட்டிப் புதுப்பித்து வைத்தார். வந்து பார்த்தவர்கள், உடைக்கிறதுக்காவது லட்சணமாக இருக்க வேண்டாமா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஊரில் ஒரு ஆளை விடாமல் சந்தேகப்பட்டேன். வைப்பர் ரப்பர் வாங்கிப் போட்டவரைச் சந்தேகப்பட்டேன். சொந்த மாமா நீட்டிய தாளை ஒரு தரம்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஆர்.சி. புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

சாப்பாட்டு வேளையில் மாகாளி அண்ணனிடம் கேட்டேன். போன வெள்ளிக்கிழமை அவர் ஆபீசில் சாவி வாங்க நின்றுகொண்டிருந்தாராம்.

“அவுரும் சிரிச்சாருங்களா அண்ணா?”

“யாரு, பல்லுக்காரரா? சிரிக்கல அம்மிணி. மூஞ்சி செவந்துபோச்சு. ‘வண்டி உங்களுது, குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டமுங்க. அவிய உங்க வண்டியில்லீங்களே’ன்னு சொல்லீட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

சோற்றை மூடிவைத்துவிட்டேன். வண்டியும் மாமாவுடையது இல்லை என்பது வரதராஜுலுவுக்குத் தெரியாது.

செப்டம்பர் 26, வெள்ளி

பதினோரு மணிக்கு எதிர்ப்பக்க இளநீர்க் கடையில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே மூதேவியைப் பார்த்தார். பதினோரு நாற்பதுக்குப் போனார். நான் எழுந்து போகவில்லை, ஃபைல் வேலை நிறைய இருந்தது.

ஒரு ஃபைலும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பத்து மணிக்குக் காயலான் கடை லாரி வந்தது. சங்கிலியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். நான் மூதேவியின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஓரமா நில்லு கலா” என்றார் மாமா.

“வண்டிக்காரி நானுங்க மாமா. கையெழுத்துப் போடல. எடுக்க முடியாது.” ஆர்.சி. புத்தகத்தை விரித்துக் காட்டினேன். இன்சூரன்சும் காலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன், அதையும் காட்டினேன்.

மாமா புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லாரிக்காரர்கள் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்கள்.

“இந்த மூதேவிய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?”

“ஓட்டப்போறனுங்க.”

“கண்ணாடி போட்ட பொறகு வாசல்ல இது நிக்கக்கூடாது பாத்துக்க. அந்தப் புள்ள நாளன்னைக்கு வேலைக்கு வருது, நீ சாமானெல்லாம் பின்னாடி மாத்திக்க.”

அதற்கும் பதில் சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. “முன் மேசைய விட்டு நான் எந்திரிக்க மாட்டனுங்க. எந்த வண்டில மாவு, எந்த வண்டி வெள்ளத்துல நின்னுது, எதுக்கு மீட்டர் திருப்புனதுன்னு எனக்குத்தானுங்க தெரியும். இனி வாங்க வர்றவிய கேட்டாங்கன்னா உள்ளதச் சொல்லீருவேன். பின்னாடி உக்கார வெச்சாலும் சொல்லுவேன், முன்னாடி உக்கார வெச்சாலும் சொல்லுவேன்.”

முந்தானை இடுப்பில் செருகியிருந்தது என்பது பேசி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. லாரிக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மாமா உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அக்கா போனில் கூப்பிட்டாள். “ஏண்டி கலா, உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். “அந்தக் கார்ல ஏசி கூட இருக்காதேடி” என்றாள் கடைசியில். இல்லைக்கா என்றேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

நாற்பது காரும் காலையிலேயே குளித்துச் சந்தனம் வைத்துக்கொண்டு நின்றன. மாமா தேங்காய் உடைத்தார், பொரி கொடுத்தார். என்னோடு பேசவில்லை, பொரிப் பொட்டலத்தை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முன் மேசைமேல்தான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மூதேவியைக் கழுவினேன். ஆறு பக்கெட் தண்ணீர் பிடித்தது. அழுக்குப் போனால் மோர்க்குழம்பு நிறம் இல்லை, நல்ல மாம்பழ நிறம். துருத்தி நிற்கிற இரண்டு கம்பிக்கும் தனியாகச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். அதற்கு இதுவரை ஒரு பழம் வைத்ததில்லை. தள்ளி நின்று பார்த்தேன், ‘என்னையா?’ என்று கேட்டது. ஆமாம், உன்னைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. டைரியில் பொய் எழுதக்கூடாது, அழுதேன்.

மாகாளி அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன்: வெள்ளிக்கிழமை வண்டி ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறது. ரப்பர் மாட்டினவர் கூட வந்து சத்தம் ஏதாவது வருகிறதா என்று பார்த்தால் நல்லது.

வருவாரா என்பது சந்தேகம்தான். வாசலில் வைத்து மறித்தவள் கூப்பிட்டால் எந்த மனிதன் வருவான்?

அக்டோபர் 3, வெள்ளி

பதினோரு மணிக்கு வந்தார்.

வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார். வரதராஜுலு உள்ளே வந்ததும் சக்கரத்துக்குக் கீழே நசுங்கக் காத்திருந்த எலுமிச்சம்பழங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு நல்ல பிள்ளையாக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார், துணிப்பை மடியில். அதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டேவிட்டேன். ஒரு ஸ்பேனர், ஒரு டிபன் பாக்ஸ். தயிர் சாதமாம்.

“உங்கள உள்ள உட வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன்” என்றேன்.

“தெரியுமுங்க” என்றார். “இளநீர் நல்லா இருந்துதுங்க.”

நாலு பழமும் நசுங்க வண்டியை எடுத்தேன். ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கிறது, இரண்டு கையும் வேண்டும். ஒரு கையை எடுத்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

“வண்டி ஓடுதில்லீங்க. அதுக்கு மேல என்னங்க வேணும் உங்களுக்கு?” என்று கேட்டேன். உள்ளே இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “பல்லு கட்டறவிய எதையும் சும்மா பாக்க மாட்டீங்களே.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாள் முழுக்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பல்லு செஞ்சு குடுக்கறனுங்க. கேக்கறதே அப்படித்தான். அலுத்துப்போகுதுங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இங்க வந்துட்டுப் போனா அந்த வாரம் ஓடிருது.” காது சிவந்திருந்தது.

கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் இண்டிகேட்டர் போட்டேன். இண்டிகேட்டர் எரியவில்லை, அதற்குப் பதிலாக வைப்பர் ஆட ஆரம்பித்துவிட்டது. வெயில் கொளுத்துகிறது, மேகமே இல்லை, புது ரப்பர் கண்ணாடியில் கீச்சுக்கீச்சென்று ஆடுகிறது. பதறிப்போய் ஹாரனை அழுத்தினேன், ஆட்டுக்குட்டி கத்தியது. முன்னால் போன டிராஃபிக் போலீஸ்காரர் ஆட்டைத் தேடிக் கீழே பார்த்தார்.

“அந்த ஒயரு நாந்தானுங்க மாத்திக் குடுத்துட்டேன்” என்றார் வரதராஜுலு, குற்றவாளி மாதிரி.

சிரித்துவிட்டேன். எனக்குத் தெரிந்து அப்படி நான் சிரித்ததில்லை. வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, வாய் முழுக்கத் திறந்து. அவர் திரும்பிப் பார்த்தார். கை தானாக முந்தானையைத் தேடி எழப் பார்த்தது.

ஸ்டியரிங்கை விட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கும். விடவில்லை.